வெள்ளையடித்த மதிலை எப்படிப் படமெடுப்பது?

கிளிநொச்சியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "எங்கள் ஊர் மதில்களில் இரவில் ஓவியம் கீறும் ஒரு அண்ணாவைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறேன். பாதிக்கு மேல் வெள்ளையடித்துவிட்டார்கள். இல்லாத ஓவியங்களை எப்படிக் காட்டுவது?"

தங்கச்சி, வேலையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். கீத் ஹேரிங் என்றொருவர் 1980 முதல் 1985 வரை நியூயோர்க்கின் சுரங்க ரயில் நிலையங்களில் கீறினார். விளம்பரம் இல்லாத பலகைகளை அங்கே கறுப்புக் கடதாசி ஒட்டி மூடிவைப்பார்கள். அதன்மேல் வெண்கட்டியால் சில நிமிடங்களில் கீறிவிட்டுப் போய்விடுவார். அடுத்த விளம்பரம் வந்தால் ஓவியம் அதற்கடியில் போய்விடும். பிடித்து அபராதமும் போட்டார்கள். இருந்தும் அவற்றை இன்று நாம் பார்க்கிறோம் என்றால், காரணம் செங் குவொங் சி என்ற அவருடைய நண்பர். எந்த நிலையத்தில் கீறினேன் என்று ஹேரிங் சொல்லச் சொல்ல, இவர் கமெராவோடு போய் ஆயிரக்கணக்கில் எடுத்துவைத்தார். இருவரும் 1990இல் இறந்துபோனார்கள். ஹேரிங்குக்கு வயது 31தான்.

அந்த நண்பர் செய்த வேலை இப்போது உங்கள் கையில் இருக்கிறது. அழிந்தவற்றுக்கு, ஊர்ச் சனத்தின் போன்களைத் தேடுங்கள். புது மோட்டார் சைக்கிளை அந்த மதிலடியில் நிறுத்தி யாராவது படம் எடுத்திருப்பார்கள். பின்னால் ஓவியத்தின் ஒரு மூலை தெரிந்தாலும் போதும். இதைச் சொல்லும்போதே எனக்கு மனம் கனக்கிறது. 2009க்கு முந்தைய கலியாண அல்பம் ஒன்றுகூட மிஞ்சாத வீடுகள் வன்னியில் எத்தனை! ஒரு படம் இல்லாமல் போவது என்னவென்று எங்கள் சனத்துக்குத் தெரியும், கேட்டால் தேடித் தருவார்கள். தருபவரையும் எடுங்கள். போனை நீட்டும் அந்தக் கையே நல்ல காட்சி.

அப்புறம், வெள்ளையடித்த மதிலுக்கு முன்னால் ஓவியம் கீறிய அண்ணாவை நிறுத்தி, எங்கே என்ன இருந்தது என்று விரலால் கீறிக் காட்டச் சொல்லுங்கள். வெட்டாமல் முழுதாக எடுங்கள். பின்னேர வெயில் சாய்வாக விழும்போது போனால், சில மதில்களில் பழைய பெயின்ற்றின் தடிப்பு மேல்பூச்சுக்கடியில் தெரியும்.

முகத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அவர் மனமார ஒத்துக்கொண்டால் மட்டும் காட்டுங்கள். தெருவோவியர் பாங்ஸி, 2010இல் தானே இயக்கிய ஆவணப்படத்திலும் முகத்தை இருட்டில் வைத்து, குரலை மாற்றித்தான் பேசினார். அந்தப் படம் ஒஸ்கார் பரிந்துரை வரை போனது. இன்று ஒத்துக்கொண்டவர் நாளைக்குப் பயந்தால், அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள்.

மிச்சமிருக்கும் மதில்களை இந்தக் கிழமையே எடுத்து முடியுங்கள். மாரி தொடங்கினால் பெயின்ற் கழரத் தொடங்கிவிடும்.