கலீசியாவில் பிறந்த யூதர்கள்: நாட்டைப் பார்க்காதீங்க, ஊரைப் பாருங்க

வணக்கம் மக்களே! இன்னைக்குப் பேசப்போறது கலீசியா. ஸ்பெயின்ல இருக்கே, அந்தக் கலீசியா இல்ல. 1772-ல போலந்தைப் பங்கு போட்டப்போ ஆஸ்திரியா கைக்குப் போன பகுதி இது. 1918 வரைக்கும் ஆஸ்திரியாவோட மாகாணமா இருந்துச்சு. இப்போ மேற்குப் பக்கம் போலந்துல, கிழக்குப் பக்கம் உக்ரைன்ல இருக்கு. ஸ்கிரீன்ல மேப் பாருங்க: இடது ஓரத்துல கிராகோவ், வலது பக்கம் லிவிவ்.

இந்த மண்ணுல பிறந்த யூதர்களைத் தேடினா ஒரே ஆளை ஒரு இடத்துல ஆஸ்திரியர்னும், இன்னொரு இடத்துல போலந்துக்காரர்னும், வேற இடத்துல உக்ரைன்காரர்னும் போட்டிருப்பாங்க. அதனால நாட்டை வெச்சுத் தேடவே தேடாதீங்க. பிறந்த ஊர், பிறந்த வருஷம், பிறந்தப்போ வெச்ச பேரு, எழுதின மொழி. இந்த நாலையும் முதல்ல குறிச்சுக்குங்க.

புருனோ ஷுல்ஸை எடுத்துக்குவோம். 1892-ல த்ரோஹோபிச்ல பிறந்தார். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துல டிராயிங் வாத்தியார். எழுதினது போலிஷ்ல. ஊரை விட்டு அதிகம் வெளிய போகாத மனுஷன். ஆனா அவர் இருந்த அம்பது வருஷத்துல ஊர் ஆஸ்திரியா, கொஞ்ச காலம் மேற்கு உக்ரைன் குடியரசு, அப்புறம் போலந்து, 1939-ல சோவியத், 1941-ல நாஜி ஜெர்மனின்னு கை மாறிக்கிட்டே இருந்துச்சு. ஃபெலிக்ஸ் லண்டாவ்ங்கிற எஸ்.எஸ். (நாஜிகளோட தனிப் படை) அதிகாரி தன் பிள்ளைங்க ரூம் சுவத்துல இவரைத் தேவதைக் கதைப் படங்கள் வரைய வெச்சான். அந்த வேலைதான் அவரைக் கொஞ்ச நாள் உயிரோட வெச்சிருந்தது. 1942 நவம்பர் 19-ஆம் தேதி, இன்னொரு நாஜி அவரை நடுத்தெருவுல சுட்டுக் கொன்னான். 2001-ல அந்த வீட்டுல, பின்னாடி அடிச்ச பெயின்ட்டுக்கு அடியில அந்தப் படங்கள் கிடைச்சது. கொஞ்சத்தைப் பெயர்த்து ஜெருசலேம்ல இருக்குற யாத் வஷேம்ங்கிற யூதப் படுகொலை நினைவகத்துக்குக் கொண்டு போயிட்டாங்க. போலந்து, உக்ரைன், இஸ்ரேல் மூணு பக்கமும் பெரிய சண்டை. இவரைச் சும்மா 'போலந்து எழுத்தாளர்'னு ஒரே வரியில முடிச்சா இத்தனையும் காணாமப் போயிடும். எனக்கு அது மனசுக்கு ஒப்பவே இல்ல.

அடுத்து பேரு. பலர் தப்பு பண்றது இங்கதான். 1966-ல இலக்கிய நோபல் வாங்கின அக்னோன், புச்சாச்ல பிறந்தப்போ சாச்கெஸ். அக்னோன்ங்கிறது பின்னாடி வெச்சுக்கிட்ட பேரு. அந்தப் பேரைப் பிறப்புப் பதிவேட்டுல தேடினா ஒண்ணும் வராது. வருஷத்துலயும் ஜாக்கிரதை, 1887, 1888 ரெண்டும் புழக்கத்துல இருக்கு, ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்கிறது 1887. 1981-ல வேதியியல் நோபல் வாங்கின ரோல்ட் ஹாஃப்மன், ஸ்லோச்சுஃப்ல பிறந்தப்போ ரோல்ட் சஃப்ரான். அப்பாவை நாஜிகள் கொன்னுட்டாங்க. அம்மாவும் பையனும் ஒரு உக்ரைன் வாத்தியார் உதவியால பள்ளிக்கூடப் பரண்ல ஒளிஞ்சு தப்பிச்சாங்க. ஹாஃப்மன்ங்கிறது அம்மா மறுமணம் பண்ணின பிறகு வந்த பேரு. 1937-ல பிறந்ததால கறாராப் பார்த்தா அவர் பிறந்தது போலந்து. நான் அவரையும் சேர்த்துக்குவேன், ஆனா பக்கத்துல 'போர்களுக்கு இடைப்பட்ட போலந்து'ன்னு எழுதிடுவேன்.

பதிவேட்டுல இன்னொரு சிக்கல் இருக்கு. ரப்பி, அதாவது யூத மதகுரு, முன்னாடி மட்டும் நடந்த கல்யாணத்தை ஆஸ்திரிய அரசு ஏத்துக்கல. அரசுப் பதிவுக்குச் செலவும் அலைச்சலும் அதிகம்னு நிறைய பேர் பதியவே இல்ல. அதனால குழந்தை முறைப்படி பிறக்காததுன்னு பதிவாகி, அம்மாவோட குடும்பப் பேரு போட்டிருப்பாங்க. அப்பா பேருல கிடைக்கலன்னா உடனே அம்மா பேருல தேடுங்க. ரெண்டு குடும்பப் பேருங்களுக்கு நடுவுல 'ரெக்டே' (சரியாச் சொன்னா), 'வெல்' (அல்லது)னு லத்தீன்ல இருந்தா ரெண்டு பேரும் ஒரே ஆளைத்தான் குறிக்குது. கிழக்குக் கலீசியா யூதப் பதிவேடுகள்ல பெரும்பகுதி வார்சா, லிவிவ் ஆவணக் காப்பகங்கள்ல இருக்கு. போலந்துல பிறப்புப் பதிவு நூறு வருஷம் தாண்டினாத்தான் காப்பகத்துல பொதுப் பார்வைக்கு வரும்.

புச்சாச் சின்ன ஊர். ஆனா அக்னோன் மட்டும் இல்ல, நாஜிகளைத் தேடிப் பிடிச்ச சைமன் வீசென்தால் 1908-ல, வரலாற்றாளர் எமானுவேல் ரிங்கெல்ப்ளூம் 1900-ல அங்கதான் பிறந்தாங்க. ரிங்கெல்ப்ளூம், நாஜிகள் யூதர்களை அடைச்சு வெச்ச வார்சா கெட்டோவுக்குள்ள ரகசியமா ஆவணங்களைச் சேர்த்தார். டைரி, ரேஷன் கார்டு, போஸ்டர், மிட்டாய்க் காகிதம் வரைக்கும் விடல. எல்லாத்தையும் தகரப் பெட்டியிலயும் ரெண்டு பால் கேன்லயும் போட்டுப் புதைச்சாங்க. 1946-ல பெட்டிகள் கிடைச்சது, 1950-ல கேன்கள். மூணாவதாப் புதைச்ச பகுதி இன்னும் கிடைக்கல.

இனி, லிஸ்ட்ல தப்பா நுழையுற பேருங்க. ஃபிராய்டு பிறந்தது மொராவியாவுல, அப்பா அம்மாதான் கலீசியாக்காரங்க. தத்துவவாதி மார்ட்டின் புபர் வியன்னாவுல பிறந்து, லெம்பெர்க்ல தாத்தா வீட்டுல வளர்ந்தவர். லெம்பெர்க்னா இன்னைய லிவிவ்தான். கவிஞர் பவுல் செலான் பிறந்த செர்னோவிட்ஸ் பக்கத்து மாகாணமான புக்கோவினா. அதுவும் அவர் பிறந்த 1920-ல ருமேனியா கையில இருந்துச்சு.

ரஃபேல் லெம்கின் பிறந்தது இன்னைய பெலாரஸ்ல. ஆனா சட்டம் படிச்சது லிவிவ்ல. அதே சட்டத் துறையில அவருக்கு முன்னாடி படிச்சவர் ஹெர்ஷ் லாட்டர்பாக்ட், 1897-ல பக்கத்து ஊரான ஷுல்கியெவ்ல பிறந்தவர். போருக்கு அப்புறம் நாஜித் தலைவர்களை விசாரிச்ச நியூரெம்பெர்க் விசாரணைக்கு 'மானுடத்துக்கு எதிரான குற்றம்'ங்கிற தலைப்பைக் கொடுத்தது இவர் யோசனை. 'இனப்படுகொலை'ங்கிற கருத்தை 1944-ல முன்வெச்சு, 1948 ஐ.நா. உடன்படிக்கைக்காக விடாம போராடினது லெம்கின். ரெண்டு பேரும் குடும்பத்துல பலரை நாஜிகளுக்குப் பறிகொடுத்தவங்க. ஆனா லெம்கின் கலீசியாவுல பிறக்கலைங்கிறதால அவரை 'பிறந்தவர்' வரிசையில வைக்காதீங்க, 'படிச்சவர்'னு தனியா ஒரு வரிசை போட்டு அதுல வைங்க.

நீங்களும் பேருங்க சொல்லலாம். ஊரோட பழைய பேரு, இப்போதைய பேரு, பிறந்த வருஷம் மூணையும் சேர்த்து கமெண்ட்ல போடுங்க. அடுத்த வீடியோவுல புக்கோவினாவைத் தனியாப் பார்க்கலாம்.