கரைக்கு முன்னால் குழாய்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு முன்னால் பேசிய நண்பர், ஆலைகள் மூடிய ஆற்றங்கரையை எப்படி மாற்றலாம் என்று திரையில் ஒரு படம் காட்டினார். புல்வெளி, படித்துறை, பலூன் பிடித்த குழந்தை, நடுவில் நீல நிறத்தில் ஆறு. இந்த மாதிரிப் படங்களில் ஆறு எப்போதுமே நீலம்தான். நான் அந்தப் புல்வெளிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பேச வந்திருக்கிறேன். கொஞ்சம் நாறும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆலைகள் ஏன் ஆற்றங்கரையைத் தேடிப் போயின? தண்ணீர் எடுக்கலாம், சரக்கைப் படகில் ஏற்றலாம், கழிவை அப்படியே தள்ளிவிடலாம். ஆலையை இழுத்து மூடியதும் முதல் இரண்டும் நின்றுவிடும். மூன்றாவது நிற்காது. ஈயம், பாதரசம், கழிவு எண்ணெய் எல்லாம் மண்ணிலும் ஆற்றடி வண்டலிலும் ஊறிக் கிடக்கும். மழைக்கு மழை கசியும். நூறு வருடமாகக் கொல்லைப்புறமாக இருந்த இடத்தை ஒரே நாளில் வாசலாக மாற்ற முடியாது.

ஜெர்மனியின் ரூர் பகுதியில் எம்ஷர் என்று ஓர் ஆறு. சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கங்கள், உருக்காலைகள். இத்தனை ஊர்களின் சாக்கடையும் திறந்த கான்கிரீட் கால்வாயாக்கிய அந்த ஆற்றில்தான் ஓடியது. அங்குள்ளவர்கள் அதற்கு வைத்திருந்த பட்டப்பெயரை மேடையில் சொல்ல முடியாது. இவ்வளவு கெட்டிக்கார நாட்டில் ஏன் சாக்கடையைப் பூமிக்கடியில் விடவில்லை? காரணம் இருக்கிறது. கீழே கரியை வெட்டி எடுக்க எடுக்க, மேலே நிலம் இறங்கிக்கொண்டே இருந்தது. குழாய் போட்டால் உடையும், வாட்டம் மாறும், கழிவு தேங்கும். திறந்த கால்வாய் என்றால் உடைந்த இடம் கண்ணுக்குத் தெரியும், சரிசெய்யலாம். ஆக, சுரங்க வேலை ஓய்ந்து நிலம் அடங்கிய பிறகுதான் ஆற்றை மீட்பதைப் பற்றி யோசிக்கவே முடிந்தது. தொழில் செத்ததால் ஆறு பிழைக்க வழி கிடைத்தது. கேட்கச் சங்கடமாக இருந்தாலும் நடந்தது அதுதான்.

1992இல் வேலை தொடங்கியது. ஆற்றை ஒட்டி 51 கிலோமீட்டருக்குப் பூமிக்கடியில் பெரிய கழிவுநீர்க் குழாய், சுத்திகரிப்பு நிலையங்கள், கிளை ஓடைகளுக்கெல்லாம் தனித்தனிக் குழாய்கள். எம்ஷரில் சாக்கடை கலப்பது முழுதாக நின்றது 2021 கடைசியில். முப்பது வருடம், சுமார் 550 கோடி யூரோ. எந்த அமைச்சருக்கும் ரிப்பன் வெட்டும் வரை பதவி நீடிக்காத வேலை. 1899இலிருந்து இயங்கும் நீர்க் கூட்டமைப்பு ஒன்று இதைக் கையில் வைத்திருந்தது. அதில் நகராட்சிகளும் தொழிற்சாலைகளும் உறுப்பினர்கள். தேர்தலுக்குத் தேர்தல் ஆள் மாறாத ஓர் அமைப்பு இல்லாவிட்டால் இந்த வேலை பாதியில் நின்றிருக்கும் என்பது என் எண்ணம்.

அதே பகுதியில் டூயிஸ்பர்க் நகரத்து இரும்பாலை ஒன்று 1985இல் மூடப்பட்டது. அதை இடிக்காமல் பூங்காவாக்கினார்கள். ஊது உலையின் மேல் ஏறி ஊரைப் பார்க்கலாம். பழைய எரிவாயுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஆட்கள் உள்ளே முக்குளிக்கிறார்கள். போகிறவர்கள் இதையெல்லாம்தான் படம் எடுக்கிறார்கள். எனக்குப் பிடித்தது பூங்காவின் நடுவே போகும் வாய்க்கால். தெளிந்த நீர், ஓரத்தில் நாணல். அது ஆற்று நீர் இல்லை, கூரைகளிலிருந்தும் தளங்களிலிருந்தும் வழியும் மழைநீர். அடியில் விஷமண் என்பதால், நீர் கீழே இறங்காதபடி களிமண் படுகை போட்டிருக்கிறார்கள். பழைய சாக்கடை அதற்கும் கீழே குழாயில் போகிறது. மேலே ஆறு மாதிரி ஒன்று, கீழே ஊரின் கழிவு. இரண்டையும் பிரித்து வைத்தார்கள், அவ்வளவுதான்.

சரி, நீங்கள் எல்லோரும் எதிர்பார்க்கும் பில்பாவோவுக்கு வருகிறேன். ஸ்பெயினின் வடக்கே, நெர்வியோன் ஆற்றங்கரையில் இருக்கும் பழைய தொழில் நகரம். 1997இல் ஃப்ராங்க் கெரி வடிவமைத்த குகன்ஹைம் அருங்காட்சியகம் திறந்தது. டைட்டானியத் தகடுகள் மின்ன, உலகமே திரும்பிப் பார்த்தது. உடனே ஊர் ஊருக்கு ஆற்றோரமாக ஓர் அதிசயக் கட்டடம் வேண்டும் என்று கிளம்பிவிட்டார்கள். ஆனால் வரிசையைப் பாருங்கள். 1983இல் பெருவெள்ளம். மறு வருடம் கழிவுநீர்த் திட்ட வேலை தொடங்குகிறது. அப்போது ஆற்று நீரில் ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லை. 1995இல் மெட்ரோ. அதற்குப் பிறகுதான் அருங்காட்சியகம். அருங்காட்சியகத்துக்குச் செலவானதைப்போல் பல மடங்கு பணம் கழிவுநீர்க் குழாய்களுக்கும் சுத்திகரிப்புக்கும் போனது. நாறும் ஆற்றங்கரையில் தங்கக் கோபுரம் கட்டினாலும் மூக்கைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் பார்ப்பார்கள்?

நிலத்தையும் கெட்டிக்காரத்தனமாகக் கையாண்டார்கள். கரையோர இடமெல்லாம் துறைமுகம், ரயில்வே என்று பல அரசு அமைப்புகளிடம் துண்டு துண்டாகக் கிடந்தது. 1992இல் மத்திய அரசும் உள்ளூர் அரசுகளும் பாதிப் பாதிப் பங்கில் ஒரு நிறுவனம் தொடங்கி, நிலங்களை அதனிடம் விட்டன. நகராட்சி நிலப் பயன்பாட்டை மாற்றிக் கொடுத்தது. நிறுவனம் இடத்தைச் சீர்செய்து மனைகளாக விற்றது. வந்த பணத்தில் தண்டவாளங்களை நகர்த்தி, பூங்கா போட்டு, வசதி குறைந்த பேட்டைகளிலும் செலவழித்தது. மனை விலை ஏறும் வரை இது ஓடும். 2008க்குப் பிறகு விலை விழுந்தபோது அந்த நிறுவனம் கடனில் தடுமாறியது.

லண்டன் கப்பல்துறைகளைப் பற்றி இரண்டு வார்த்தை. பெரிய கன்டெய்னர் கப்பல்கள் உள்ளே வர முடியாமல், 1981இல் கடைசித் துறைகளும் மூடின. அங்கே வானுயர அலுவலகங்கள் முதலில் எழுந்தன. இருந்த சின்ன ரயில் போதவில்லை, பெரிய ரயில் 1999இல்தான் வந்தது. இடையில், அலுவலகங்களைக் கட்டிய நிறுவனமே 1992இல் திவாலானது. அப்புறம் எல்லாம் சரியாகிவிட்டது என்பார்கள். மூட்டை தூக்கியவருக்கு வங்கியில் என்ன வேலை கிடைத்திருக்கும் என்று மட்டும் கேட்டுவைக்கிறேன்.

நம் நாட்டில் அகமதாபாத். நூற்பாலைகள் மூடிய ஊர். சபர்மதியில் வருடத்தின் பெரும்பகுதி தண்ணீரே இருக்காது. இன்று நகரத்துக்குள் ததும்பி நிற்பது நர்மதைக் கால்வாய் நீர். இரு கரையிலும் சுவர், நடைபாதை, அழகாகத்தான் இருக்கிறது. அங்கே குடிசை போட்டிருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை எழுப்பி வேறு இடங்களுக்கு அனுப்பினார்கள். அவர்களில் பலருக்குக் கரையோரச் சந்தையும் துணி வெளுக்கிற வேலையும்தான் பிழைப்பு.

பில்பாவோவில் குகன்ஹைமிலிருந்து கரையோரமாக நடந்தால் ஒரு சிவப்புப் பாரந்தூக்கி வரும். யூஸ்கால்துனா கப்பல் கட்டும் தளத்தில் மிஞ்சியவற்றில் அது ஒன்று. பெயர் கரோலா. தினமும் படகில் ஆற்றைக் கடந்து வேலைக்குப் போன ஓர் அழகியின் பெயர் என்பார்கள். அவர் போகும் நேரத்தில் தளத்தில் சுத்தியல் சத்தம் நின்றுவிடுமாம். 1980களில் அந்தத் தளத்தை மூடக் கூடாது என்று தொழிலாளிகள் போலீசோடு தெருவில் மோதினார்கள். 1988இல் மூடினார்கள். பாரந்தூக்கிக்குப் புதுச் சிவப்புச் சாயம் அடித்து, பக்கத்திலேயே கடல்சார் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள்.