அணு உலை ஒரு பக்கம், வெல்டரின் கை ஒரு பக்கம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். முன்வரிசையில் பொறியியல் மாணவர்கள், பின்வரிசையில் ஐடிஐ மாணவர்கள் என்று உட்கார்ந்திருக்கிறீர்கள். பின்வரிசைத் தம்பிகளும் தங்கைகளும் கொஞ்சம் கூடுதலாகக் காது கொடுக்க வேண்டும். இன்றைய பேச்சு நீர்மூழ்கி கட்டும் தளத்தைப் பற்றியது, அதாவது உங்களைப் பற்றியது.

அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் என்றதும் எல்லாரும் அணு உலையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கேட்கட்டும், அதில் நமக்குப் பெருமையும் உண்டு. நம் கல்பாக்கத்தில்தான், நீர்மூழ்கியின் உலைப் பகுதியை அப்படியே தரையில் கட்டி, உள்ளே உலையை வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். 2003இல் அதில் தொடர்வினை தொடங்கியது. 2006இல் முழுத்திறனை எட்டியது. தரையில் தேறிய பிறகுதான் அந்த வகை உலை, நாமே கட்டிய முதல் அணுசக்தி நீர்மூழ்கியான ஐஎன்எஸ் அரிஹந்துக்குள் போனது.

ஆனால் உலை போய் உட்காருவதற்கு ஒரு கூடு வேண்டும் அல்லவா? அதன் பகுதிகளைக் குஜராத்தில் ஹசீராவில் எல் அண்ட் டி செய்தது. கடல்வழியே விசாகப்பட்டினம் கொண்டுவந்து, அங்குள்ள கப்பல் கட்டும் மையத்தில், கூரை போட்ட டிரை டாக்கில், அதாவது நீரில்லாத கட்டுமானத் தொட்டியில், ஒன்றோடு ஒன்று இணைத்தார்கள். 2009 ஜூலை 26இல் அந்தத் தொட்டிக்குள் கடல்நீரை விட்டார்கள். பிரதமர் மன்மோகன் சிங்கின் துணைவியார் குர்சரண் கவுர் தேங்காய் உடைத்தார். அரிஹந்த் மிதந்தது. அதன் உலை 2013 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கியது, கடற்படையில் கப்பல் சேர்ந்தது 2016இல். மிதந்த நாளிலிருந்து ஏழு ஆண்டுகள்! 'இவ்வளவு காலமா?' என்று சலித்துக்கொள்பவர்களுக்கு ஒரு துயரமான சம்பவத்தைச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் 'த்ரெஷர்' அந்தக் காலத்தில் உலகின் மிக நவீனமான அணுசக்தி நீர்மூழ்கி. அங்குள்ள போர்ட்ஸ்மவுத் கடற்படைக் கப்பல் கட்டும் தளத்தில் பழுதுபார்த்து முடித்து, 1963 ஏப்ரல் 10இல் ஆழச் சோதனைக்குப் போனது. திரும்பவில்லை. 129 பேர் இறந்தார்கள். அதில் 17 பேர் சீருடை அணியாதவர்கள், சோதனையைப் பார்க்க உடன் போன தொழில்நுட்ப ஆட்கள். இயந்திர அறையில் கடல்நீர்க் குழாயின் இணைப்பு ஒன்று விட்டுப்போய் நீர் புகுந்திருக்கலாம் என்பது கடற்படை விசாரணையின் முடிவு. நீர் பீய்ச்சியதில் மின்சாரம் பழுதாகி, உலை தானே நின்று, கப்பலால் மேலே ஏற முடியவில்லை என்று கணித்தார்கள்.

இதில் நெஞ்சை அறுக்கும் செய்தி என்ன தெரியுமா? அந்தக் குழாய்களை வெள்ளிக் கலவையால் பற்றவைத்திருந்தார்கள். கப்பல் தளத்தில் இருந்தபோதே 145 இணைப்புகளை அல்ட்ராசானிக் கருவியால் சோதித்தார்கள். ஏறத்தாழ 14 விழுக்காடு தரத்துக்குக் கீழே இருந்தது. கப்பலிலோ அப்படி ஆயிரக்கணக்கான இணைப்புகள். மிச்சத்தையும் சோதித்தால் கப்பல் வெளியே போவது தாமதமாகும் என்று சோதனையை நிறுத்திவிட்டார்கள்.

அந்த ஆண்டிலேயே அமெரிக்கக் கடற்படை 'சப்சேஃப்' என்ற முறையைக் கொண்டுவந்தது. கடல்நீரைத் தடுத்து நிற்கும் ஒவ்வொரு பாகத்துக்கும், இரும்பு எந்த உருக்கில் வந்தது, யார் பற்றவைத்தார், யார் சோதித்தார் என்று எழுத்தில் சான்று வேண்டும். அந்தச் சான்று பெற்ற கப்பல் ஒன்றுகூட இன்றுவரை மூழ்கவில்லை. கப்பல் கட்டும் தளத்தை உருவாக்குவது என்று நான் சொல்வது இதைத்தான். கிரேனும் கூரையும் பணம் இருந்தால் வரும். 'இந்த இணைப்பு சரியில்லை, அறுத்துவிட்டு மறுபடி போடு' என்று மேலதிகாரி முகம் சுளித்தாலும் சொல்லக்கூடிய ஆள் ஒரே நாளில் வரமாட்டார்.

வந்த ஆளையும் நாம் தொலைத்திருக்கிறோம், அதைச் சொல்ல எனக்கு வேதனையாக இருக்கிறது. மும்பை மசகான் டாக்கில் ஜெர்மன் வடிவமைப்பில் நீர்மூழ்கி கட்டினோம். டீசல் கப்பல்தான், ஆனால் கூட்டைப் பற்றவைக்கும் வேலை நுட்பத்தில் குறைந்ததல்ல. நம் ஆட்கள் ஜெர்மனியின் கீல் நகரத்துக்கே போய்ப் பழகி வந்தார்கள். 1992இல் ஷல்கி, 1994இல் ஷங்குல் கடற்படையில் சேர்ந்தன. அதற்குள் தரகுப்பணச் சர்ச்சை வெடித்து, அடுத்த கப்பல்களுக்கு ஆர்டர் வரவில்லை. தரகு வாங்கியவர் யாரோ. தண்டனை அனுபவித்தது வெல்டிங் கொட்டகை. கற்றவர்கள் ஓய்வு பெற்றார்கள், வேறு வேலைக்குப் போனார்கள். அந்தத் தளத்திலிருந்து அடுத்த நீர்மூழ்கியான கல்வரி கடற்படைக்கு வந்தது 2017 டிசம்பரில். இருபத்து மூன்று ஆண்டு இடைவெளி. ஒரு ஆள் பயிற்சியாளராகச் சேர்ந்து மூத்த மேற்பார்வையாளராகும் காலம் அது.

பிரிட்டனும் இதே பள்ளத்தில் விழுந்தது. பாரோ-இன்-ஃபர்னஸ் ஊரில் தலைமுறை தலைமுறையாக நீர்மூழ்கி கட்டியவர்கள். வான்கார்ட் வகை நீர்மூழ்கிகளுக்கும் அடுத்து வந்த அஸ்டியூட் வகைக்கும் நடுவே விழுந்த இடைவெளியில் ஆட்கள் கலைந்தார்கள். கடைசியில் அமெரிக்காவின் எலக்ட்ரிக் போட் நிறுவனத்திலிருந்து ஆட்களை அழைத்து உதவி கேட்க வேண்டியிருந்தது. அஸ்டியூட் நான்கு ஆண்டுகளுக்கும் மேல் தாமதமானது.

இப்படிப்பட்ட கப்பல் நமக்குத் தேவையா, இவ்வளவு செலவு தகுமா என்று கேட்பவர்கள் இந்த அரங்கிலும் இருப்பீர்கள். நியாயமான கேள்வி, அதற்குத் தனி மேடை வேண்டும். கட்டுவது என்று நாடு முடிவெடுத்துவிட்டது. நான் அதற்குள் நின்று பேசுகிறேன். 2024 ஆகஸ்ட் 29இல் அரிஹந்தின் அடுத்த கப்பலான அரிகாத் கடற்படையில் சேர்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில், அணுசக்தியில் இயங்கும் இரண்டு தாக்குதல் நீர்மூழ்கிகளைக் கட்ட ஒப்புதல் கிடைத்ததாகச் செய்தி வந்தது. இரண்டைக் கட்டிவிட்டு நிறுத்தினால் மறுபடியும் மசகான் கதைதான். ஒன்றின் கூடு முடியும்போதே அடுத்ததன் இரும்புத்தகடு கொட்டகைக்குள் வரவேண்டும். எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் வரிசை அறுபடக் கூடாது.

ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். அடிலெய்டு அருகே ஆஸ்போர்னில் அவர்கள் கட்டப்போகும் முதல் அணுசக்தி நீர்மூழ்கி 2040களின் தொடக்கத்தில்தான் முடியும் என்று அவர்களே சொல்கிறார்கள். ஆனால் ஆட்களை இப்போதே ஹவாயில் உள்ள பேர்ல் ஹார்பர் தளத்துக்கு அனுப்பிப் பழக்குகிறார்கள். தளத்தோடு சேர்த்துப் பயிற்சிக் கூடத்தையும் எழுப்புகிறார்கள்.

நம் ஐடிஐகளில் வெல்டர் பிரிவுக்கு என்ன மரியாதை இருக்கிறது என்று இங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குத் தெரியும். வேறு இடம் கிடைக்காதவர்கள் சேரும் பிரிவு என்று வீட்டிலேயே சொல்கிறார்கள். கூட்டை இணைக்கவும், எக்ஸ்ரே படத்தில் பற்றவைப்பின் விரிசலைக் கண்டுபிடிக்கவும் தேர்ந்தவருக்குப் பொறியாளருக்கு நிகரான சம்பளமும் பதவி உயர்வும் கொடுங்கள் என்று அரசிடம் கேட்கிறேன். ஒப்பந்தக் கூலியாக வைத்து, கப்பல் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். முன்வரிசைப் பொறியியல் மாணவர்களிடமும் ஒன்று கேட்கிறேன்: நாளை வரைபடம் போடும் இடத்துக்கு நீங்கள் போனால், முதல் ஆறு மாதம் வெல்டிங் கொட்டகையில் இவர்களோடு நில்லுங்கள்.