வாசல் கட்டும் காலம்

நேயர்களுக்கு வணக்கம்.

சில மாதங்களுக்கு முன் மகளின் வேலை விஷயமாக அவளோடு வாஷிங்டன் போயிருந்தேன். பகலில் அவள் கூட்டங்களுக்குப் போய்விடுவாள், எனக்கு ஊர் சுற்றுவதைத் தவிர வேறு வேலை இல்லை. அப்படி நடந்து போகையில், எச் வீதியும் ஏழாம் வீதியும் சந்திக்கிற இடத்தில் தெருவுக்குக் குறுக்கே பெரியதொரு வாசலைக் கண்டேன். ஏழு கூரைகள், பொன்னிற ஓடுகள், குறுக்குச் சட்டங்கள் எல்லாம் நீலமும் பச்சையும் சிவப்புமாய் டிராகன்கள். கோயில் திருவிழாவுக்குச் சிகரம் சோடித்த சந்தி மாதிரி இருந்தது. அதுதான் அந்த நகரத்துச் சைனா டவுன்.

வாசலுக்குக் கீழே நின்று சீனர்களைத் தேடினேன். கோப்பிக் கடை இருந்தது, ஸ்டார்பக்ஸ்தான், பெயர்ப்பலகையில் சீன எழுத்து. அங்கே கடை போடுகிறவர்கள் முகப்பில் சீன எழுத்தும் வைக்க வேண்டும் என்று நகர நிர்வாகம் விதித்திருக்கிறது. உள்ளே வரிசையில் நின்றவர்களில் அந்த எழுத்தை வாசிக்கக்கூடியவர் ஒருவராவது இருந்தாரோ தெரியாது. பக்கத்தில் பெரிய விளையாட்டரங்கு, 1997இல் திறந்தது. அன்று மாலை ஏதோ ஆட்டம், சனம் அந்தப் பக்கமாகவே போய்க்கொண்டிருந்தது.

அந்த வாசல் கட்டிய வருடம் 1986. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் சீனர் வாழ்ந்த பகுதியில் இன்று எஞ்சியிருப்பது சில நூறு பேர். அவர்களிலும் பலர் முதியவர்கள், 1982இல் திறந்த வா லக் ஹவுஸ் என்ற தொடர்மாடியில் இருப்பவர்கள். அயலில் சீனப் பலசரக்குக் கடை இல்லாமல் போனதால், இந்த வயதானவர்கள் மரக்கறி வாங்க பஸ் ஏறி வேர்ஜீனியாப் புறநகருக்குப் போக வேண்டியதாயிற்று. சைனா டவுனில் குடியிருந்துகொண்டு சீனக் கீரை வாங்க மாநிலம் தாண்டிப் போவதை யோசித்துப் பாருங்கள்.

அன்றிலிருந்து எனக்கொரு சந்தேகம். வாசல் கட்டுகிற காலமும் ஆட்கள் வெளிக்கிடுகிற காலமும் ஒன்றுதானோ?

வன்கூவரில் சைனா டவுன் வாசல் எழும்பியது 2002இல். அதற்கு முன்பே அங்கத்தைய சீனர்கள் பாலம் கடந்து பக்கத்து ரிச்மண்ட் நகருக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். ரிச்மண்டில் இன்று பாதிக்கு மேல் சீன வம்சாவளியினர். அங்கே பழைய பாணி வாசல் எதுவும் கட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை, பெரிய பெரிய கடைத்தொகுதிகள்தான். நியூயோர்க்கில் லிட்டில் இத்தாலி என்று ஒரு பகுதி. செப்டம்பரில் சான் ஜெனாரோ திருவிழா, தெருவுக்குக் குறுக்கே பச்சை, வெள்ளை, சிவப்புத் தோரணம். 2010ஐ ஒட்டி எடுத்த கணக்கெடுப்பில், அங்கே குடியிருந்தோரில் இத்தாலியில் பிறந்தவர் ஒருவர்கூடத் தென்படவில்லை. அதே 2010இல் சைனா டவுனையும் லிட்டில் இத்தாலியையும் சேர்த்து ஒரே வரலாற்றுப் பகுதியாகத் தேசியப் பட்டியலில் ஏற்றினார்கள். எது எங்கே முடிகிறது என்று கோடு போட்டுக்காட்ட இயலாத அளவுக்கு ஒன்று மற்றதை விழுங்கிவிட்டிருந்தது.

இனி சான் பிரான்சிஸ்கோவுக்கு வருவோம். என் சந்தேகத்துக்கு எதிராக நிற்கிற ஊர் அதுதான், ஆகவே அங்கே கொஞ்சம் கூட நேரம் நிற்க வேண்டும்.

"தங்கள் ஆட்களோடு சேர்ந்திருக்க விரும்பினார்கள், அதனால் ஒரே இடத்தில் குடியேறினார்கள்" என்று இந்தப் பகுதிகளைப் பற்றி வழக்கமாகச் சொல்வார்கள். பாதி உண்மை. மற்றப் பாதியைச் சட்டப் புத்தகத்தில் தேட வேண்டும். தங்கம் தேடியும் ரயில் பாதை போடவும் வந்த சீனத் தொழிலாளருக்கு வேறு இடத்தில் வீடு தருவார் இல்லை. வந்த இடத்திலும் நிம்மதியில்லை. 1870இல் சான் பிரான்சிஸ்கோ நகரசபை ஒரு விதி போட்டது. தங்கும் அறையில் ஆளுக்கு 500 கன அடிக் காற்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்டம் அல்லது மறியல். பார்வைக்குச் சுகாதார விதி, நடைமுறையில் சைனா டவுனில் மட்டும் பிடித்தார்கள். தண்டம் கட்ட மறுத்து மறியலுக்குப் போனவர்கள் கூடிப்போய், கடைசியில் மறியற்கூடத்திலேயே ஆளுக்கு 500 கன அடி இல்லாமல் போயிற்று!

இந்த இடத்தில் என் கதையைச் சொல்லாமல் போனால் சரியில்லை. 1988இல் நான் ரொறன்ரோவுக்கு வந்தபோது, நம்மவர் பலரைப் போல வெலஸ்லி–பார்லிமென்ட் சந்திப் பக்கத்தில்தான் இருந்தேன். ஒற்றை அறை, ஐந்து பேர். இரவு வேலைக்குப் போகிறவனின் மெத்தையில் பகல் வேலைக்காரன் படுப்பான். பன்னிரண்டடிக்குப் பதினைந்தடி, எட்டடி உயரம். பெருக்கிப் பார்த்தேன், 1440 கன அடி. இரண்டு பேருக்குத்தான் சட்டப்படி காற்று. மற்ற மூன்று பேரும் மறியலுக்குப் போயிருக்க வேண்டியவர்கள்.

சலவைக் கடை வழக்கையும் சொல்ல வேண்டும். மரக் கட்டடத்தில் சலவைக் கடை நடத்த அனுமதி வேண்டும் என்று அதே நகரசபை விதித்தது. அங்கே சலவைக் கடைகளில் மிகப் பெரும்பாலானவை மரக் கட்டடங்கள். இருநூறு சீனர் விண்ணப்பித்தார்கள், ஒருவருக்கும் கிடைக்கவில்லை. சீனரல்லாத எண்பது பேரளவில் விண்ணப்பித்தார்கள், ஒருவரைத் தவிர எல்லாருக்கும் கிடைத்தது. 1886இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், எழுத்தில் பாரபட்சம் இல்லாத சட்டத்தையும் பாரபட்சமாக நடத்தினால் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. யிக் வோ வழக்கு என்று பெயர். 1898இல் இன்னொரு தீர்ப்பு. அதே சைனா டவுனில் பிறந்த வொங் கிம் ஆர்க் என்ற சமையற்காரர் சீனாவுக்குப் போய்த் திரும்பியபோது, நீ இந்நாட்டுக் குடிமகன் அல்ல என்று கப்பலோடு தடுத்து வைத்தார்கள். அமெரிக்க மண்ணில் பிறந்தவர் குடிமகனே என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. சீனத் தொழிலாளர் உள்ளே வருவதையே 1882இல் தடைசெய்திருந்த நாட்டில் கிடைத்த தீர்ப்பு இது. அடைத்து வைத்த நாலு தெருவுக்குள்ளிருந்து எழுந்த வழக்குகள் இந்தக் கண்டத்தில் பின்னால் வந்தேறிய எத்தனையோ பேருக்கு நிழல் கொடுத்திருக்கின்றன.

1906 ஏப்ரல் 18 அதிகாலை நிலநடுக்கம், அதைத் தொடர்ந்து தீ. சைனா டவுன் முழுவதும் சாம்பல். நகரப் பிரமுகர்கள் அதை நல்ல சந்தர்ப்பமாகப் பார்த்தார்கள். மையத்தில் இருக்கிற விலை உயர்ந்த நிலம், சீனரை நகரின் ஓரத்தில் ஹன்டர்ஸ் பொயின்ற் பக்கம் தள்ளிவிடலாம் என்று திட்டம். சீன வணிகர்கள் விடவில்லை, சீன அரசின் பிரதிநிதிகளும் விடவில்லை. சீனரிடம் கூடுதல் வாடகை வாங்கிப் பழகிய வெள்ளைக்கார நிலச் சொந்தக்காரர்களும் விடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வணிகர்கள் ஒரு யுக்தி செய்தார்கள். வெள்ளைக்காரக் கட்டடக் கலைஞர்களை அமர்த்தி, சாதாரண அமெரிக்கச் செங்கல் கட்டடத்தின் தலையில் பகோடாக் கூரையும் வளைந்த இறவாரமும் வைத்துக் கட்டினார்கள். கிரான்ட் அவெனியூவும் கலிபோர்னியா வீதியும் சந்திக்கும் மூலையில் அந்தக் கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. வேடிக்கை பார்க்கிறவர்கள் வருவார்கள், காசு வரும், காசு வந்தால் நகரசபை துரத்தாது. கணக்கு சரியாகத்தான் இருந்தது. அங்கே வேஷம் போட்டது பிழைத்துக்கொள்வதற்காக, அதை நான் குறைசொல்ல மாட்டேன்.

1970இல் கிரான்ட் அவெனியூவின் தலைப்பில் டிராகன் வாசலும் வந்துவிட்டது. 1965இல் குடிவரவுச் சட்டம் மாறி, வசதி வந்தவர்கள் அதே நகரின் மேற்கே உள்ள ரிச்மண்ட் டிஸ்ட்ரிக்ட் பக்கம் (வன்கூவர் ரிச்மண்ட் வேறு) வீடு வாங்கிப் போகத் தொடங்கிய காலம் அது. என் சந்தேகப்படி பார்த்தால் அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. கிரான்ட் அவெனியூவில் சிவப்பு விளக்குக் கூடு பார்த்துவிட்டுத் திரும்பி வராமல், ஒரு தெரு தள்ளி ஸ்ரொக்ரன் வீதிக்கு நடந்து பாருங்கள். கடை வாசலில் உயிரோடு மீன், கட்டுக் கட்டாகக் கீரை, ஒவ்வொரு தோடம்பழத்தையும் அமத்திப் பார்த்து எடுக்கிற பாட்டிமார். 30ஆம் இலக்க பஸ்ஸில் நிரம்பிய பைகளோடு அவர்கள் ஏறுகிறபோது நமக்கு நிற்க இடமிருக்காது.

வாஷிங்டனில் இல்லாதது அங்கே என்ன இருந்தது? வாசலில் வித்தியாசம் இல்லை. பிங் யுவன் என்று 1951இல் திறந்த பொது வீட்டுத் தொகுதி இருந்தது. எட்டடிக்குப் பத்தடி ஒற்றை அறைகள் கொண்ட பழைய விடுதிகளை இடித்து அலுவலகம் கட்டவிடாமல், 1980களில் நில விதியை மாற்றவைத்த சமூக அமைப்புகள் இருந்தன. அவர்களுக்கு அந்தப் புத்தி சும்மா வரவில்லை. அயலில் பிலிப்பினோ மக்கள் இருந்த மணிலா டவுன் பத்துத் தெருத்தொகுதி அளவில் பரந்திருந்த பகுதி, நிதி நிறுவனங்களின் கட்டடங்கள் அதைத் தின்றுகொண்டே வந்தன. கடைசியாக நின்ற இன்டர்நேஷனல் ஹொட்டேலில் இருந்த பிலிப்பினோ, சீன முதியவர்களை 1977 ஓகஸ்ட் 4 விடியப்புறம் பொலிஸ் வந்து வெளியேற்றியது. ஆயிரக்கணக்கானோர் கைகோர்த்து மறித்தும் நடக்கவில்லை. கட்டடத்தை 1979இல் இடித்தார்கள், நிலம் இருபது வருடத்துக்கு மேல் வெறுங்குழியாகக் கிடந்தது. அந்தக் குழியைத் தினமும் பார்த்துக்கொண்டு போனவர்கள்தான் மிச்சத்தைக் காப்பாற்றினார்கள்.

நம்ம ரொறன்ரோவுக்கு வருவோம். குளிர்காலத்தில் பிள்ளைகளைச் சறுக்கி விளையாடக் கூட்டிக்கொண்டு போகிறோமே, நகர மண்டபத்து முன்றில், அந்தப் பனித்தளம் இருப்பது பழைய சைனா டவுன் மேல்தான். எலிசபெத் வீதி. அதற்கு முன் வார்ட் என்று பெயர். அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த கறுப்பினத்தவர், யூதர், இத்தாலியர், பிறகு சீனர் என்று ஒவ்வொருவராக வந்து இருந்த ஏழைக் குடியிருப்பு. சீனர்கள் தலைக்கு 500 டொலர் வரி கட்டி இந்த நாட்டுக்குள் வந்தவர்கள். 1923இலிருந்து 1947 வரை அதுவும் இல்லை, கதவே சாத்தியாயிற்று. புதிய நகர மண்டபத்துக்காக அவர்களுடைய கடைகளையும் வீடுகளையும் நகரசபை எடுத்தது, மண்டபம் 1965இல் திறந்தது. மிஞ்சிய துண்டையாவது விடுங்கள் என்று ஜீன் லம் என்ற பெண்மணி முன்னின்று போராடினார். பெரும்பாலானோர் ஸ்படைனாவுக்குப் போனார்கள். அங்கே அதற்கு முன் இருந்தவர்கள் யூதர்கள். பக்கத்துக் கென்சிங்ரன் சந்தையில் அவர்களுடைய பழைய தொழுகைக்கூடங்கள் இரண்டு இன்னமும் இருக்கின்றன, அவற்றைச் சுற்றி இப்போது வேறு ஆட்கள், வேறு சாப்பாடு.

ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் தமிழராகிய நமக்கு வாசல் கிடையாது. பலருக்கு அது குறை. பொங்கல் விழாக்களில் யாராவது எழும்பி, "எங்களுக்கும் கோபுரம் மாதிரி ஒன்று மார்க்கம் றோட்டில் வேணும்" என்று சொல்லாத வருடம் இல்லை. நமக்கு இருப்பது பிளாசாக்கள். நீட்டுக்கு ஒரு மாடிக் கடைவரிசை, முன்னால் கார் விட இடம். நகைக்கடை, புடவைக்கடை, கணக்காளர், பல் வைத்தியர், கொத்துரொட்டி. இலங்கையில் 83 கலவரத்துக்குப் பிறகு வந்தவர்கள் ஸ்காபரோவைத் தேர்ந்தெடுத்தது காட்சிக்காக அல்ல. பழைய தொடர்மாடிகளில் வாடகை மலிவு, வாசலிலேயே பஸ், முதல் வந்த ஊராள் ஒருவர் ஏற்கெனவே அங்கே இருந்தார், அவ்வளவுதான். பிளாசாவில் கடைக்கு வாடகையும் அப்போது தாங்கக்கூடியதாக இருந்தது. இப்போது பிள்ளைகள் மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்டன் என்று போய்விட்டார்கள். சனிக்கிழமை பெற்றோரைப் பார்க்க வருகிறபோது மீனும் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

நான் வழக்கமாக மீன் வாங்குகிற பிளாசாவில் கார் விடுகிற இடத்தின் ஓரமாகப் போன கிழமை ஒரு பலகை நட்டிருந்தார்கள். கோபுரப் படமொன்றும் இருந்தது, ஆனால் அது நாற்பது மாடி. இந்தக் கட்டடங்களை அகற்றிவிட்டுக் கட்டப்போவதற்கான விண்ணப்பம், கருத்துச் சொல்ல விரும்புவோர் கூட்டத்துக்கு வரலாம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பாரை மீனை வெட்டிக்கொண்டிருந்த தம்பியிடம், "பலகையைப் பார்த்தனீரோ?" என்று கேட்டேன். "ஓம் அண்ணை, விற்பனை விளம்பரம் எண்டு நினைச்சன்" என்றார். அவருடைய குத்தகைக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறதாம். தலையைத் தனியாகப் பையில் போடவா என்று கேட்டார். போடச் சொன்னேன். பிறகு வெளியே கூட்டிக்கொண்டு போய், பலகையை முதல் வரியிலிருந்து வாசித்துக் காட்டினேன். கையில் செதிலோடு நின்று கேட்டுவிட்டு, கூட்டத் திகதியை மட்டும் இன்னொருமுறை சொல்லச் சொன்னார்.

வியாழக்கிழமை மாலை ஏழு மணி. நானும் போகிறேன்.

நன்றி, வணக்கம்.