ஒரு வரி மைக்ரேஷன், மொத்த சைட்டும் படுத்துவிட்டது! ஏன்?

(திரை முழுக்க ஒரே எண்: 2,147,483,647)

வணக்கம் நண்பர்களே. இந்த எண்ணை ஒரு தரம் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். 2018 நவம்பர் 8ஆம் தேதி, ப்ராஜெக்ட் வேலைகளைக் கவனிக்கும் ஆப் விற்கும் பேஸ்கேம்ப் நிறுவனத்தின் டேட்டாபேஸில், ஒரு டேபிளின் ஐடி, அதாவது ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் கிடைக்கும் வரிசை எண், இந்த எண்ணில் போய் முட்டி நின்றது. 32 பிட் இண்டிஜரில் இதற்கு மேல் எண்ணே கிடையாது. அடுத்த ரெக்கார்டை எழுத வழியில்லை. ஏறக்குறைய ஐந்து மணி நேரம் வாடிக்கையாளர்கள் பழையதைப் படிக்கலாம், புதிதாக ஒரு வரி சேர்க்க முடியாது.

வேடிக்கை என்ன தெரியுமா? வெப்சைட் கட்ட உதவும் ரூபி ஆன் ரெயில்ஸ் ஃபிரேம்வொர்க் பிறந்ததே அந்த நிறுவனத்தில்தான். 2017இல் வந்த ரெயில்ஸ் 5.1, புது டேபிள்களுக்கு 64 பிட் ஐடியைத் தானாகவே கொடுக்கத் தொடங்கிவிட்டது. ஆனால் ஏற்கெனவே இருக்கும் டேபிள் தானாக மாறாதே! அதை யாராவது உட்கார்ந்து மாற்ற வேண்டும். அந்த மாற்றுகிற வேலைக்குத்தான் மைக்ரேஷன் என்று பெயர்.

வரலாறு வேண்டுமென்றால் முப்பது நொடி. டேபிளில் செய்யும் மாற்றங்களைக் புரோகிராம் கோடாக எழுதி, வரிசைப்படுத்தி, கோடின் வரலாற்றைச் சேமிக்கும் கிட்டில் போட்டு, எது ஓடியது எது ஓடவில்லை என்று டேட்டாபேஸிலேயே குறித்துவைப்பது, அவ்வளவுதான். பைத்தான் ஆட்களின் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவில் இது ஆரம்பத்தில் இல்லை. சவுத் என்ற தனி லைப்ரரி எழுதியிருந்த ஆண்ட்ரூ காட்வின், 2013இல் இதை ஜாங்கோவுக்குள்ளேயே கொண்டுவரக் கிக்ஸ்டார்ட்டரில் 2,500 பவுண்ட் கேட்டார். ஏழு மடங்கு வந்து குவிந்தது! மைக்ரேஷனுக்காகச் சொந்தக் காசை எடுத்து நீட்டியிருக்கிறார்கள் என்றால், மக்கள் எவ்வளவு அடிபட்டிருக்க வேண்டும். 2014இல் ஜாங்கோ 1.7 அதோடு வெளிவந்தது.

சரி, இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வருவோம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வைத்திருப்பவர்கள் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். இந்த வீடியோவே போனில்தான் ஓடுகிறது என்றால், சரி, கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

'ஆர்டர்ஸ்' என்று ஒரு டேபிள். ஐந்து கோடி ரெக்கார்டு. அதில் 'கூப்பன்' என்று ஒரு ஃபீல்டு சேர்க்க வேண்டும். டீஃபால்ட் மதிப்போடு சேர்த்தால், அந்தக் காலத்துப் போஸ்ட்கிரெஸ் மொத்த டேபிளையும் திரும்ப எழுதும். 2018இல் வந்த 11ஆம் பதிப்பிலிருந்து, அந்த மதிப்பு மாறாத ஒன்றாக இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. ஐந்து கோடியோ ஐம்பதோ, மில்லிசெகண்ட் வேலை. அப்படியிருந்தும் சைட் ஏன் விழுகிறது?

மில்லிசெகண்ட் வேலையானாலும் அதைத் தொடங்கப் பூட்டு வேண்டும், அதாவது மற்றவர்கள் இடையில் புகாமல் டேபிளைப் பிடித்துவைக்கும் உரிமை. ஃபீல்டு சேர்க்கும் ஆல்டர் டேபிள் கட்டளை கேட்பது 'ஆக்சஸ் எக்ஸ்க்ளூசிவ்' பூட்டு. போஸ்ட்கிரெஸில் டேபிள் அளவில் எட்டு வகைப் பூட்டு உண்டு. இதைவிட முரடு எதுவும் இல்லை. டேட்டாவைப் படிக்க மட்டும் செய்யும் சாதாரண செலக்ட்கூட இதோடு ஒத்துப்போகாது.

ஒரு குறுகலான சந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓரமாக ஒரு கார் நிற்கிறது. பைக்குகள் அதை ஒட்டி நெளிந்து நெளிந்து போய்க்கொண்டிருக்கின்றன, யாருக்கும் பிரச்சினை இல்லை. அப்போது ஒரு தண்ணி லாரி உள்ளே நுழைகிறது. கார் நகராமல் லாரி போக முடியாது, நிற்கிறது. இப்போது லாரிக்குப் பின்னால் வரும் பைக்குகளைப் பாருங்கள். காரைத் தாண்டிப் போக அவற்றுக்கு இடம் இருக்கிறது, ஆனால் லாரியைத் தாண்ட முடியாது. ஐந்து நிமிடத்தில் சந்தே ஸ்தம்பித்துவிடும். காரைத் திட்டுவதா, லாரியைத் திட்டுவதா?

(திரையில்: மூன்று டெர்மினல்கள் பக்கத்தில் பக்கத்தில்)

கார், லாரி, பைக் மூன்றையும் செய்தே காட்டுகிறேன். முதல் டெர்மினலில் 'பிகின்' கொடுத்து ஒரு டிரான்சாக்ஷனைத் தொடங்கி, ஆர்டர்ஸ் டேபிளில் ஒரு செலக்ட். பதில் வந்துவிட்டது. ஆனால் அதை முடிக்கும் 'கமிட்' கொடுக்கவில்லை, செலக்ட் பிடித்த சின்னப் பூட்டை அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன் என்று வையுங்கள். இரண்டாவதில் ஆல்டர் டேபிள். என்டர். பார்த்தீர்களா, கர்சர் மட்டும் மினுக்குகிறது. மூன்றாவதில் ஒரே ஒரு ரெக்கார்டு கேட்கும் சாதாரண செலக்ட். அதுவும் தொங்குகிறது! உங்கள் வெப் சர்வரின் ஒவ்வொரு ரிக்வெஸ்டும் இந்த மூன்றாவது டெர்மினல்தான். கனெக்‌ஷன் பூல் (டேட்டாபேஸ் இணைப்புகளின் தொகுப்பு) நிரம்பும், பக்கங்கள் டைம் அவுட் ஆகும், போன் அடிக்கத் தொடங்கும்.

இப்போது முதல் டெர்மினலில் 'கமிட்'. டக்கென்று மற்ற இரண்டும் முடிந்துவிட்டன. எனக்கு இதை எத்தனை தடவை பார்த்தாலும் அலுப்பதில்லை.

மருந்து ஒரே வரி. மைக்ரேஷனுக்கு முன்னால் 'லாக் டைம்அவுட்' இரண்டு நொடி என்று வையுங்கள். அதற்குள் பூட்டு கிடைக்காவிட்டால் ஆல்டர் தானே விலகிவிடும், பின்னால் நிற்பவை ஓடும், சற்றுப் பொறுத்து மறுபடி முயலலாம். நீங்கள் எதுவும் வைக்காவிட்டால் இதன் மதிப்பு பூஜ்யம். பூஜ்யம் என்றால் காத்திருக்காதே என்று அர்த்தமில்லை, முடிவே இல்லாமல் காத்திரு என்று அர்த்தம். இந்த டீஃபால்டை வைத்தவரைப் பார்த்தால் ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் போடுவதென்றால், டேபிளில் எழுதுவதைத் தடுக்காத 'கன்கரன்ட்லி' சேர்த்துப் போடுங்கள், அது டிரான்சாக்‌ஷனுக்குள் ஓடாது என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

அடுத்தது, உள்ளே இருக்கும் டேட்டாவை மாற்றுவது. ஐந்து கோடி ரெக்கார்டையும் ஒரே அப்டேட்டில் மாற்றாதீர்கள். போஸ்ட்கிரெஸில் அப்டேட் என்றால் ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் புதுப் பிரதி. வாக்யூம் என்ற துப்புரவு வேலை வரும்வரை பழையதும் அங்கேயே கிடக்கும். டேபிள் ஊதிப்போகும். மாற்றிய ரெக்கார்டுகளின் பூட்டும் கமிட் வரை விடுபடாது. ஐடி வாரியாக ஐயாயிரம் ஐயாயிரமாக மாற்றி, ஒவ்வொரு தவணைக்கும் ஒரு கமிட் கொடுங்கள். ஜாங்கோ ஆட்களுக்குத் தனியாக ஒன்று: டேட்டா மைக்ரேஷனில் மாடலை (டேபிளுக்கான பைத்தான் கிளாஸை) நேரடியாக இம்போர்ட் செய்யாமல் 'கெட் மாடல்' மூலம் எடுங்கள். இன்று ஓடும் நேரடி இம்போர்ட், அடுத்த வருடம் மாடல் மாறியதும் புதிதாகச் சேர்ந்தவரின் லேப்டாப்பில் வெடிக்கும். அப்படி எடுத்த மாடலில் நீங்கள் எழுதிய 'சேவ்' ஓடாது, அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபீல்டின் பெயரை மாற்றுவதா? புதுக் கோடைச் சர்வரில் ஏற்றும் டிப்ளாய் நடக்கும் அந்தச் சில நிமிடங்களில் பழைய கோடும் புதுக் கோடும் ஒரே டேபிளைத்தான் தொடுகின்றன. பெயரை மாற்றிய நொடியே பழைய கோடு பழைய பெயரைத் தேடிக் கதறும். அதனால் புதுப் பெயரில் ஒரு ஃபீல்டு சேர்த்து, இரண்டிலும் எழுதி, பழைய டேட்டாவை நகலெடுத்து, படிப்பதைப் புதியதற்கு மாற்றி, பழையதில் எழுதுவதை நிறுத்தி, கடைசியில்தான் அதை நீக்க வேண்டும். ஒரு பெயருக்கு இத்தனை டிப்ளாயா என்று கேட்பீர்கள். அதனால்தான் நான் 'கஸ்டமர் நேம்' எழுத்துப்பிழையோடு இருந்தால் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிடுவேன்!

ஒரு விஷயத்தில் நிறையப் பேர் என்னோடு சண்டைக்கு வருவார்கள், வாருங்கள். மைக்ரேஷனைத் திரும்பப் பெறும் 'டவுன்' பகுதியை நான் நம்புவதில்லை. ஒரு ஃபீல்டை நீக்கிவிட்டு 'டவுன்' ஓட்டினால் ஃபீல்டு திரும்ப வரும், காலியாக. உள்ளே இருந்தது பேக்கப்பில் இருந்தால்தான் உண்டு. லேப்டாப்பில் விளையாட 'டவுன்' போதும். புரொடக்‌ஷனில் தப்பு நடந்தால் அதைச் சரிசெய்யும் இன்னொரு மைக்ரேஷனை எழுதி முன்னால்தான் போவேன். நீங்கள் எந்தக் கட்சி என்று கமெண்ட்டில் சொல்லுங்கள். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் ஆட்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், கிட்ஹப்பின் 'கோஸ்ட்' கருவியை வைத்து உங்களுக்குத் தனி வீடியோ வருகிறது.