சிடியு – சிஎஸ்யு: இணையவும் இல்லை, பிரியவும் இல்லை

[திரையில்: ஜெர்மனி வரைபடம். பவேரியா மட்டும் தனி நிறத்தில்]

ஜெர்மனியில் மொத்தம் 16 மாநிலங்கள். மைய-வலதுசாரிக் கட்சியான சிடியு (கிறிஸ்தவ ஜனநாயக ஒன்றியம்) 15 மாநிலங்களில் போட்டியிடும். பவேரியாவில் மட்டும் வாக்குச்சீட்டில் அதன் பெயரே இருக்காது, அங்கே அதன் சகோதரக் கட்சியான சிஎஸ்யு (கிறிஸ்தவ சமூக ஒன்றியம்). அந்தக் கட்சியும் பவேரியாவைத் தாண்டிப் போட்டியிடுவதில்லை. நாடாளுமன்றத்தில் 1949 முதல் இருவரும் ஒரே குழு.

இந்த உறவைக் காப்பாற்றுவதில் கொள்கையைவிடப் பயத்துக்குப் பங்கு அதிகம் என்பேன். 1976-இல் நடந்ததைப் பாருங்கள்.

[திரையில்: 1976 தேர்தல் முடிவு]

அக்டோபர் 3. சிடியுவின் ஹெல்முட் கோல் தலைமையில் இரு கட்சிகளும் சேர்ந்து 48.6 சதவீதம் வாங்கின. அப்படியும் ஆட்சி கிடைக்கவில்லை. சமூக ஜனநாயகக் கட்சியும் சுதந்திர ஜனநாயகக் கட்சியும் கைகோத்ததால் சமூக ஜனநாயகக் கட்சியின் ஹெல்முட் ஷ்மிட்டே சான்சலராக, அதாவது அரசின் தலைவராக, தொடர்ந்தார். சிஎஸ்யு தலைவர் ஃபிரான்ஸ் யோசெஃப் ஷ்ட்ராவுஸ் கொதித்துப்போனார்.

நவம்பர் 19. ஆல்ப்ஸ் மலையோரம், வில்ட்பாட் குரொய்த். சிஎஸ்யு எம்.பி.க்கள் கூடி வாக்கெடுப்பு நடத்துகிறார்கள். 30-க்கு 18 என்ற கணக்கில் முடிவு: கூட்டுக் குழுவை விட்டு வெளியேறுவோம்!

கோல் கெஞ்சவில்லை. நீங்கள் பிரிந்தால் பவேரியாவில் நாங்கள் கட்சி தொடங்குவோம் என்றார். ஷ்ட்ராவுஸின் ஆட்களுக்கு அங்கேதான் வயிற்றைக் கலக்கியது. 1974 மாநிலத் தேர்தலில் 62.1 சதவீதம் வாங்கிய கட்சி அது. அதே வாக்காளர்களைப் பங்குபோட இன்னொரு கட்சி வந்தால்? சொந்தக் கட்சிக்குள்ளேயே எதிர்ப்புக் கிளம்ப, டிசம்பர் 12-இல் முடிவு வாபஸ் ஆனது.

இதில் ஒரு நுணுக்கமும் உண்டு. வெவ்வேறு கட்சி எம்.பி.க்கள் ஒரே குழுவாக அமரவேண்டுமானால், அந்தக் கட்சிகள் எந்த மாநிலத்திலும் ஒன்றையொன்று எதிர்த்துப் போட்டியிடக் கூடாது என்று நாடாளுமன்ற நடைமுறை விதியே சொல்கிறது. எல்லையைத் தாண்டினால் கூட்டுக்குழுவின் அடித்தளமே ஆடிவிடும்.

1980-இல் ஷ்ட்ராவுஸே சான்சலர் வேட்பாளர். 44.5 சதவீதம்தான், தோல்வி. இரண்டே ஆண்டில் கோல் சான்சலரானார். 16 ஆண்டுகள் நீடித்தார்.

[திரையில்: 2018, பெர்லின்]

அகதிகளை எல்லையிலேயே திருப்பி அனுப்பலாமா என்று அன்றைய சான்சலர், சிடியுவின் அங்கேலா மெர்க்கலுக்கும் உள்துறை அமைச்சர், சிஎஸ்யு தலைவர் ஹோர்ஸ்ட் சீஹோஃபருக்கும் மோதல். ஜூன் 14 அன்று நாடாளுமன்றக் கூட்டத்தை நிறுத்திவைத்துவிட்டு, இரு கட்சி எம்.பி.க்களும் தனித்தனியாகக் கூடினார்கள். இந்த முறையும் பிரியவில்லை. ஜூலை 2 இரவு சமரசம்.

சரி, ஒரேயடியாக இணைந்துவிடலாமே? சிஎஸ்யு சம்மதிக்காது. இணைந்தால் அது ஒரு மாநிலக் கிளை. தனித்து நின்றால் கூட்டணிப் பேச்சில் தனி நாற்காலி. 2025 மே மாதம் கையெழுத்தான ஆட்சி ஒப்பந்தத்திலும் சிடியுவின் ஃபிரீட்ரிஷ் மெர்ஸ் ஒரு கையெழுத்து, சிஎஸ்யுவின் மார்க்குஸ் சோடர் தனிக் கையெழுத்து.