ஒலியைக் குறைக்க மறுத்த கிதார்: ‘பீனோ ஆல்பம்’

வணக்கம் நண்பர்களே. இந்த இசைத்தட்டின் உறையைக் கேமராவுக்கு அருகில் கொண்டுவருகிறேன், பாருங்கள். சுவரை ஒட்டி நான்கு பேர் அமர்ந்திருக்க, ஒருவர் மட்டும் ‘பீனோ’ என்ற சிறுவர் படக்கதை இதழைக் கையில் விரித்து வைத்திருக்கிறார். படமெடுப்பதற்கு ஒத்துழைக்க மனமில்லாத அந்த இருபத்தொரு வயது இளைஞர்தான் கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன். 1966 ஜூலையில் டெக்கா நிறுவனம் வெளியிட்ட இந்த ஆல்பத்தின் பெயர் ‘ப்ளூஸ் பிரேக்கர்ஸ்’ என்றாலும், ரசிகர்களுக்கு இது ‘பீனோ ஆல்பம்’தான்.

அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த ப்ளூஸ் இசையை வாசித்த இந்தக் குழுவின் தலைவர் ஜான் மேயால். பாடுவதும், ஆர்கன், பியானோ, ஹார்மோனிகா வாசிப்பதும் அவரே. பேஸ் கிதாரில் இருக்கும் ஜான் மெக்வீ பின்னாளில் ‘ஃப்ளீட்வுட் மாக்’ என்ற ராக் குழுவின் பெயரில் ‘மாக்’ என்ற பாதியானவர். டிரம்ஸ் ஹியூகி ஃபிளிண்ட். ஆயினும் இந்த ஆல்பம் இன்றும் பேசப்படுவதற்குக் காரணம், லண்டனின் வெஸ்ட் ஹாம்ப்ஸ்டெட் ஸ்டுடியோவில் கிளாப்டன் பிடித்த ஒரு பிடிவாதம் என்பதே என் கருத்து.

அக்காலத்து ஒலிப்பதிவாளர்கள், ஒரு கருவியின் ஓசை மற்றொன்றின் மைக்கில் கசியாமலிருக்க, கிதாரை அடக்கி வாசிக்கச் சொல்வது வழக்கம். கிளாப்டனோ, மேடையில் வாசிக்கும் அதே உரப்பில்தான் இங்கும் வாசிப்பேன் என்று நின்றார். ஒலிப்பதிவாளர் கஸ் டட்ஜன் திகைத்தார். தயாரிப்பாளர் மைக் வெர்னன் கிளாப்டனின் போக்குக்கே விட்டார்.

அது வெறும் வீம்பன்று. மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் சிக்னலைப் பெருக்கும் வெற்றிடக் குழாய்களான வால்வுகளை அவற்றின் எல்லைவரை விரட்டினால், உள்ளே வரும் ஒலியலையின் உச்சிகள் நறுக்கப்பட்டு, தொனி தடித்துக் கரகரப்பேறும். கிப்சன் லெஸ் பால் கிதாரில் தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்புகள் அனுப்பும் வலுவான சிக்னல் அதற்குத் துணைநிற்கும். தந்தியை மீட்டியதும் சட்டென்று அடங்கிவிடும் கிதார், அப்போது வயலினைப் போல நீண்டு நிற்கிறது. ஒலியைக் குறைத்திருந்தால் இந்தத் தொனி கிடைத்தேயிருக்காது.

‘ஹேவ் யூ ஹேர்ட்’ பாடலை ஹெட்போனில் கேளுங்கள். சாக்ஸபோனும் மேயாலின் குரலும் நிதானமாக நகர்ந்துகொண்டிருக்கையில், அதுவரை வாயைக் கட்டிக்கொண்டு காத்திருந்தவர்போல் கிளாப்டன் பாய்கிறார். அந்த முதல் சில சுரங்களை எத்தனை முறை கேட்டாலும் எனக்கு முதுகுத்தண்டு சிலிர்க்கிறது. ‘ரேம்ப்ளிங் ஆன் மை மைண்ட்’ பாடலில் அவரே தயக்கம் நிறைந்த குரலில் பாடுகிறார். பழைய ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சனின் பாடலுக்கு அந்தத் தயக்கம் பொருந்தியே இருக்கிறது. ‘வாட்’ட் ஐ சே’யின் டிரம்ஸ் தனியாவர்த்தனத்தை மட்டும் நான் தாண்டிவிடுவேன், மேடையில் கைதட்டல் வாங்கியிருக்கும், இசைத்தட்டில் நீள்கிறது.

பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் ஆல்பம் ஆறாம் இடம்வரை ஏறியது. ஆனால் அது கடைக்கு வந்த அதே மாதம் கிளாப்டன் விலகி ‘க்ரீம்’ குழுவுக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு பீட்டர் கிரீன் வந்தார். அந்த ஆம்ப்ளிஃபயர் மாடலை ‘ப்ளூஸ்பிரேக்கர்’ என்ற பெயரிலேயே மார்ஷல் பின்னர் மீண்டும் விற்றது. லெஸ் பால் கிதாருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. க்ரீம் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் அதை யாரோ திருடிக்கொண்டு போனார்கள்.